ஓட்டினவரைக் கேட்காமல் போட்ட ஃபார்மட்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலுக்கு ஒரு சாபம் உண்டு: வீட்டில் பத்து நாளாகப் படுத்தி எடுத்த மிஷின், கடை மேஜையில் ஏற்றி வைத்ததும் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அவ்வளவு அடக்கமாக நடந்துகொள்ளும்.

நல்ல பிராசசர், நல்ல கிராபிக்ஸ் கார்டு, வேண்டிய மட்டும் ராம் என்று பார்த்துப் பார்த்து வாங்கியிருப்பீர்கள். ஆசையாகக் கேமைத் திறந்தால் படம் திக்கித் திக்கி நிற்கும். நீங்கள் திரும்புவதற்குள் எதிராளி உங்களைச் சுட்டுவிட்டு, உங்கள் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போயிருப்பான். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரா நீங்கள்? வாங்க, குந்துங்க. நாமெல்லாம் ஒரே வார்டு பேஷண்டுகள்.

நான் விழுப்புரத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. வாடிக்கையாளரை மடக்கவும் வராது. ஒன்றே ஒன்று வரும். சின்ன வயதில் தாத்தா கதை சொல்லும்போது நடுநடுவே 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் ராஜகுமாரன் குதிரைமேல் ஒரு காலைப் போட்டபடியே நின்றுவிடுவான். மறுநாள் வரைக்கும் மறுகாலைப் போடமாட்டான். அப்படி 'ம்' கொட்டி வளர்ந்தவன் நான். அது இந்தத் தொழிலுக்கு உதவும் என்று தெரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆனது. தெரிய வைத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கடைச் சட்டம்

முதலாளி ஏழுமலை அண்ணன் நல்ல மனுஷன். மத்தியானம் நான் சாப்பிட்டேனா என்று கேட்காமல் அவர் கையைக் கழுவமாட்டார். அவர் கடை திறந்த காலத்தில் வந்ததெல்லாம் ரைஸ் மில், பாத்திரக் கடை பில் போடும் கம்ப்யூட்டர்கள். அதற்கெல்லாம் ஒரே மருந்துதான்: உள்ளே இருப்பதை மொத்தமாக அழித்துவிட்டு, சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றுவது. அதற்குப் பெயர் ஃபார்மட். எந்த வியாதிக்கும் விளக்கெண்ணெய் கொடுக்கிற மாதிரி அது ஒரு வைத்தியம். ஆச்சரியம் என்னவென்றால், பத்துக்கு ஏழு பிழைத்துக்கொள்ளும்.

கடையில் ஒரு நீளமான நோட்டு உண்டு. வருகிறவர் பெயர், போன் நம்பர், கம்ப்ளைண்ட் என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டம் ஒரு தீப்பெட்டி அளவுதான் இருக்கும். 'ஸ்லோ' என்று எழுதலாம். 'ரொம்ப ஸ்லோ' என்று எழுத இடம் போதாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், "அண்ணே, இன்னா பிரச்சினைன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் ஃபார்மட் போடலாமே?" என்று மெதுவாகக் கேட்டேன். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டே அண்ணன் சொன்னார்:

"கேட்டா கத சொல்லுவாங்கடா. கத கேக்கவா கடையத் தொறந்து வச்சிக்கினு குந்தியிருக்கோம்? மொதல்ல ஃபார்மட் போடு, அப்புறம் பேசு."

வாஸ்து பார்த்த வயர்

மயிலத்தில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு பையனின் மிஷின், இந்தச் சட்டப்படி இரண்டு தடவை ஃபார்மட் வாங்கியிருந்தது. கடையில் வெண்ணெய் மாதிரி ஓடும். வீட்டுக்குப் போனதும் கேமில் ஆட்கள் பொம்மலாட்டப் பொம்மை மாதிரி விட்டு விட்டு நடப்பார்கள். மூன்றாவது தடவை அவன் அம்மா போன் பண்ணி, "நாங்க தூக்கியாரமாட்டோம், நீங்க வந்து பாருங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். பஸ் ஏறிப் போனேன்.

மிஷினின் பின்பக்கம் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் மானிட்டர் வயரைச் செருக இரண்டு இடம் உண்டு. மேலே இருப்பது போர்டோடு வருகிற சாதாரணப் பொருத்துவாய். கீழே இருப்பதுதான் கிராபிக்ஸ் கார்டுடையது. இங்கே வயர் மேலே செருகியிருந்தது. ஏனென்று கேட்டேன். மேஜை முதலில் பக்கத்துச் சுவரை ஒட்டி இருந்ததாம். பையன் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தால்தான் அரியர் போகும் என்று வாஸ்துக்காரர் சொல்லி, மேஜையை இந்தப் பக்கம் நகர்த்தியிருக்கிறார்கள். மிஷினை மட்டும் நகர்த்தவில்லை. வயர் எட்டியது மேல் ஓட்டை வரைக்கும்தான். அன்று முதல் அவ்வளவு பெரிய கார்டு வேலையே இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

மிஷினை ஒரு முழம் தள்ளி, வயரைக் கீழே மாற்றினேன். கேம் ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடியது. பையன் கட்டிலின்மேல் ஏறிக் குதித்தான். அவித்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்த அவன் அம்மா, விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டு, உள்ளறையில் இருந்த கணவருக்குக் குரல் கொடுத்தார்கள்:

"கேட்டீங்களா? எட்டு மாசமா கரண்ட்ட தின்னுக்கினு, ஒரு வேலையும் செய்யாம ஒண்ணு குந்திக்கினு இருந்துச்சாம். நான்கூட நம்ம வீட்ல அப்படி ஒரு ஆளுதான்னு நெனச்சேன்!"

வண்டி இழுக்கல

ஒருநாள் காலை ஒரு பெரியவர் கம்ப்யூட்டர் கேபினெட்டை நெல் மூட்டை மாதிரித் தோளில் வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். பின்னாலேயே ஒரு பெண், ஒயர் கூடையில் ஸ்டியரிங் வீலும் மூன்று பெடலும் எடுத்துக்கொண்டு வந்தார். பெரியவர் பெயர் தட்சணாமூர்த்தி. திண்டிவனத்துக்காரர். முப்பது வருடத்துக்குமேல் லாரி டிரைவர். போன வருடம் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு வலி வந்து, அந்த நிலைமையிலும் வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார். ஆனால் லாரியை இனிமேல் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூட வந்தது அவர் மகள் கலைவாணி அக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா வீட்டில் உட்கார்ந்து ஓட்டட்டும் என்று லாரி ஓட்டுகிற கேம் ஒன்றையும், அதற்கு வேண்டிய நல்ல மிஷினையும் வாங்கிக் கொடுத்திருந்தார்.

"இன்னா ஆவுதுங்க?" என்றேன். "வண்டி இழுக்கல தம்பி" என்றார். "வெட்ட வெளி ரோட்ல போவும்போது போவுது. ஊருக்குள்ள பூந்தா தெணறுது. மேடு ஏறினா நின்னு நின்னு வருது." சொன்னால் நம்புங்கள், எங்கள் கடைக்கு அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு துல்லியமான கம்ப்ளைண்ட் வந்ததில்லை. கேமில் ஊர் வந்தால் நூறு வண்டி, நூறு ஆள், நூறு கட்டடம். பிராசசருக்கு வேலை அதிகம். பெரியவர் ஸ்டூலைத் தேடிப் பார்த்தார், கடையில் ஸ்டூல் இல்லை. நின்றபடியே, "நான் இத எப்படி வச்சிருக்கேன் தெரியுமா தம்பி? எடுத்ததும் மொத வேலையா…" என்று ஆரம்பித்தார்.

அண்ணன் நோட்டை நீட்டிவிட்டார். "பேரும் நம்பரும் எழுதிட்டு உட்டுட்டுப் போங்க பெரியவரே, நாளைக்கு ஜல்தியா ஆயிடும்." நானும் 'ம்' கொட்டாமல் ஸ்க்ரூவைக் கழற்றக் குனிந்துவிட்டேன். பெரியவர் அந்தத் தீப்பெட்டிக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, என்னிடம் சொன்னார்:

"லாரி ஷெட்டுல கூட மொதல்ல டிரைவரத்தான்பா கேப்பாங்க. நீங்க இன்னா, ஓட்டினவனக் கேக்காமயே இன்ஜின எறக்குறீங்க?"

பிரிக்காத கவர்

இரும்பை கிராமத்தில் ஒரு விவசாயி, நாராயணன் அண்ணன். சொந்த நிலம். சாயங்காலம் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, அவரும் அவர் வீட்டம்மா செல்வி அக்காவும் ஜோடியாக உட்கார்ந்து கால்பந்து கேம் ஆடுவார்கள். அப்படி ஒரு ஜோடியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அவர்கள் மிஷினை நானேதான் கடையில் அசெம்பிள் பண்ணியிருந்தேன். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் நன்றாக ஓடுமாம். அப்புறம் பந்து கோல் போஸ்டுக்கு நடந்து போகுமாம்.

போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் எதற்கும் கவர் பிரிக்கவில்லை. ஃபிரிட்ஜ் கைப்பிடியில் கவர், ரிமோட்டில் கவர், நாற்காலியில் கவர். கேபினெட்டின் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கவர், காற்று போகிற ஜாலியின்மேலும் ஒரு கவர். எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. "இப்படி மூடி வச்சா மிஷினுக்கு மூச்சு முட்டாதாக்கா? சூடு ஏறினா பிராசசர் தானாவே வேகத்தைக் கொறச்சிக்கும். அதான் பந்து நடக்குது" என்று ஒரு பிரசங்கமே பண்ணினேன். இருவரும் வாத்தியாருக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்று கேட்டுக்கொண்டார்கள். எல்லா கவரையும் உரித்தேன். சூடு குறையவில்லை. சந்தேகம் வந்து, பிராசசருக்குமேல் உட்காருகிற கூலரைக் கழற்றித் திருப்பினேன். அதன் அடியில், 'மாட்டுமுன் பிரிக்கவும்' என்று இங்கிலீஷில் எழுதிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் பிரிக்காமல் அப்படியே இருந்தது. நான் விட்டது.

என் முகம் போன போக்கைப் பார்த்து நாராயணன் அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் தாளை உரித்து, சூடு கடத்தும் பேஸ்ட் தடவி மாட்டியதும் எல்லாம் சரியானது. இன்று வரை அவர்கள் என் முதலாளிக்கு ஒரு போன் கூடப் பண்ணவில்லை. அந்த உபகாரத்தை நான் மறக்கமாட்டேன். கிளம்பும்போது செல்வி அக்கா மட்டும் மோர் டம்ளரை நீட்டிச் சொன்னார்கள்:

"நாங்க பிரிக்காதது வெளிய, தம்பி. நீ பிரிக்காதது உள்ள. பரவால்ல உடு, நீயும் நம்ம வீட்டுப் புள்ளதான்!"

அதே வண்டி, மறுபடியும்

தட்சணாமூர்த்தி அய்யாவின் மிஷின் இரண்டாவது வாரமே திரும்பி வந்தது. அதே திணறல். முதல் தடவை ஃபார்மட் போட்டு, சோதித்து, நன்றாக ஓடுகிறது என்று அனுப்பியிருந்தோம். இந்தத் தடவையும் அண்ணன் கேள்வியே கேட்கவில்லை, நேராக ஃபார்மட். அதற்குப் பிறகு நான் கடையில் ஸ்டியரிங்கை மாட்டி, ஒரு மணி நேரம் அந்தக் கேமை ஓட்டினேன். இரண்டு லாரியையும் ஒரு டோல்கேட்டையும் இடித்தேனே தவிர, மிஷின் ஒரு இடத்திலும் திக்கவில்லை. வயர் சரி. கூலரைத் திருப்பியே பார்த்துவிட்டேன், தாள் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வாங்கிக்கொண்டு போக வந்த கலைவாணி அக்கா, அப்பாவை டீ குடிக்க அனுப்பிவிட்டு என் மேஜைக்கு அருகில் வந்தார். "கேம் நல்லா ஓடின நாள்ல அப்பா வாசலத் தாண்டமாட்டாரு தம்பி. தெணறினா ஆஃப் பண்ணிட்டு பஸ் ஏறி விக்கிரவாண்டி டோல்கேட்டாண்ட போயிடறாரு. அங்க பழைய சேக்காளிங்க எல்லாம் வண்டிய நிறுத்தி டீ குடிப்பாங்க. போன வாரம் எவனோ ஒருத்தன் வண்டில ஏறி செங்கல்பட்டு வரைக்கும் ஓட்டிக்கினு போயிருக்காரு. மாத்திர பை வீட்லயே கெடக்குது" என்றார். மருத்துவமனையில் எத்தனையோ பேருக்குத் தைரியம் சொல்கிறவர். இன்று அதைக் கேட்டு என்னிடம் வந்து நின்றார். நான், "பாத்துட்டேங்கா, இனிமே வராது" என்றேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கையில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"வீட்ல ஓட்டலன்னா அவரு ரோட்ல ஓட்டுவாரு தம்பி. நான் உங்ககிட்ட கொடுத்துட்டுப் போறது கம்ப்யூட்டர் இல்ல."

கரும்பு சீசன்

விக்கிரவாண்டியில் நெடுஞ்சாலை ஓரம் பரோட்டாக் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் இருந்து ஒரு போன். கடைக்குப் பின்னால் வீடு. மத்தியான வியாபாரம் முடிந்ததும் இணையத்தில் நான்கு நண்பர்களோடு துப்பாக்கிச் சண்டை ஆடுவது அவர் பழக்கம். "மிஷின் பேஜாரு பண்ணுது தம்பி, திடீர் திடீர்னு எல்லாரும் செலையா நிக்கிறானுங்க" என்றார். மிஷினைக் கடைக்கு எடுத்துவரச் சொல்ல வாய் திறந்தேன். மயிலமும் இரும்பையும் ஞாபகம் வந்தது. நானே போனேன்.

இந்தத் தடவை எதையும் தொடவில்லை. அவர் ஆட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. வெளியே ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. திரையில் எல்லாரும் சிலை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு லாரி, மறுபடியும் சிலை. எழுந்து வாசலுக்குப் போனேன். இணைய வயர் ரோட்டின் அந்தப் பக்கக் கம்பத்திலிருந்து தாழ்வாகத் தொங்கி, இந்தப் பக்கம் ஒரு முருங்கை மரத்தில் கட்டியிருந்தது. ஆலைக்குப் போகிற ஒவ்வொரு கரும்பு லாரியும், தலைக்குமேல் வளர்ந்த தன் லோடால் அந்த வயரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போனது. மிஷினின்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஃபார்மட் போட வேண்டியது முருங்கை மரத்துக்குத்தான். வயர்க்காரரைக் கூப்பிட்டு உயர்த்திக் கட்டச் சொல்லலாம் என்றேன். பாய் இடுப்பில் கையை வைத்து ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆறு மாசமா என்னக் கொன்னது ஆன்லைன்ல இருக்கிறவன்னு நெனச்சிக்கினு இருந்தேன் தம்பி. பாத்தா, கரும்பு லாரிக்காரன்! அவனுக்கு தெனம் நாந்தான் பரோட்டா போட்றேன்!"

மூன்றாவது தடவை

காதர் பாய் வீட்டிலிருந்து திரும்பிய அதே வாரம், சனிக்கிழமை, கலைவாணி அக்கா போன் பண்ணினார். மிஷின் மறுபடியும் திணறுகிறது. அது மட்டுமில்லை. கோவிந்தன் என்று அப்பாவின் பழைய கூட்டாளி, இப்போது சொந்தமாக லாரி வைத்திருக்கிறார். அவருடைய டிரைவர் ஊருக்குப் போய்விட்டதால், திங்கட்கிழமை காலை மங்களூருக்கு லோடு ஏற்றிப் போக அப்பாவைக் கேட்டிருக்கிறார். போக வர நான்கு நாள், நடுவில் மலைப்பாதை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதில் சொல்கிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். "நான் சொன்னா கேக்கமாட்டாரு. உங்களால எதனா ஆவுமா?" என்றார். அண்ணனிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல, "கொண்டாரச் சொல்லு, ஃபார்மட் போட்டுக் கொடுத்துடலாம்" என்றார். ஞாயிறு கடை லீவு. மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். கையில் ஸ்க்ரூ டிரைவர் கூட எடுத்துப் போகவில்லை.

வீட்டின் முன்னறையில் மிஷின் இருந்த விதத்தைப் பார்த்தால் அது மேஜை இல்லை, லாரி கேபின். மானிட்டருக்குமேல் கறுப்புக் கயிற்றில் குஞ்சம். பக்கத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும். எதிரே ஒரு உயரமான பழைய லாரி சீட்டு, தண்ணீர் பாட்டில் மாட்ட வளையத்தோடு. "அய்யா, நான் இன்னிக்கு ஒண்ணும் ரிப்பேர் பண்ண வரல. நீங்க ஓட்டுங்க, நான் கிளீனரா குந்திக்கினு வர்றேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. செருப்பைக் கழற்றினார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மிஷினை ஆன் பண்ணினார். ஆனால் கேமைத் திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, அதில் படம் போட்டு எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்து, சிஸ்டத்தின் செட்டிங் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே உள்ளே போனார்.

"ம்?" என்றேன்.

"கரண்ட் மிச்சம் பண்றதுக்கு ஒருத்தன் போன்ல வீடியோ போட்டிருந்தான் தம்பி. அதப் பாத்து எழுதி வச்சிக்கினேன். இத செக் பண்ணாம நான் ஸ்டியரிங்கத் தொடமாட்டேன்."

"ம்."

"இங்க பாரு. மேக்சிமம்னு போட்டு எதுர்ல நூறு இருக்கும். எங்க வண்டி முதுகுலயும் மேக்சிமம் ஸ்பீடுன்னு எழுதியிருக்கும்ல, அதே எழுத்து. நூறுல வுட்டா எந்த இன்ஜின்பா தாங்கும்? நான் நாப்பத்தஞ்சுல வச்சிருக்கேன். நாப்பத்தஞ்சுதான் மைலேஜ்."

"ம்… எப்பவும் இப்படித்தான் வைப்பீங்களா?"

"நீங்கதான் கடைக்கு வந்தா வந்தா நூறாக்கி அனுப்பிச்சிட்றீங்களே! மெக்கானிக் ஷெட்டுல இருந்து வர்ற வண்டிய டிரைவரு செட்டிங் பாக்காம எடுப்பானா? வீட்டுக்குக் கொண்ணாந்ததும் மொத வேலையா எறக்கி வச்சுடுவேன்."

எனக்கு உட்கார்ந்திருந்த நாற்காலியே நழுவியது மாதிரி இருந்தது. பிராசசர் தன் சக்தியில் எத்தனை பங்கு வரைக்கும் உழைக்கலாம் என்று உத்தரவு போடுகிற இடம் அது. நூறு என்றால் முழுசும். அதை அவர் பாதிக்கும் கீழே இறக்கி வைத்திருந்தார். நாங்கள் ஒவ்வொரு தடவையும் ஃபார்மட் போட்டு, நோயைப் பார்க்காமலே நோயின் தடயத்தை அழித்தோம். அவர் ஒவ்வொரு தடவையும் கடமை தவறாமல் அதைத் திரும்ப வைத்தார். முதல் நாள் நின்றபடியே சொல்ல வந்தது இதைத்தான்.

இப்போது தப்பு என்று எப்படிச் சொல்வது? சுவரில் ஒரு போட்டோ இருந்தது: மாலையோடு, புது லாரிக்கு முன்னால், இளவயதுத் தட்சணாமூர்த்தி. கீழே மூன்றே வார்த்தை, 'மைலேஜ் தட்சணாமூர்த்தி அவர்கள்'. டீசலை வீணாக்காத டிரைவர் என்றுதான் முதலாளிகள் புது வண்டிகளை அவரை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். அறைக்கதவு ஓரத்தில் கலைவாணி அக்கா டியூட்டிக்குக் கிளம்பிய உடுப்போடு நின்றுகொண்டு, என் வாயையே பார்த்தார். மணி ஐந்தாகப் போகிறது.

"அய்யா, காலி வண்டிக்கு நாப்பத்தஞ்சு சரி" என்றேன். "முழு லோடு இருக்குது, மேடு வருது. அப்ப இன்னா பண்ணுவீங்க?"

"கியர எறக்கிட்டு மிதிப்பேன். மேட்டுல மைலேஜ் பாத்தா வண்டி பின்னாலதான் வரும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. திரையில் இருந்த நாற்பத்தைந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இந்தக் கேமு…?"

"இது மொத்தமுமே மேடுதான் அய்யா. எப்பவும் முழு லோடு."

அவர் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு ஒற்றை விரலால் நாற்பத்தைந்தை அழித்து, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம் என்று தானே அடித்தார். நோட்டிலும் அந்த இடத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் 'மேடு – 100' என்று எழுதிக்கொண்டார். அப்புறம்தான் கேமைத் திறந்தார்.

ஏதோ ஒரு குளிர் தேசம். மழை. ஊருக்குள் நுழைந்தார், நூறு வண்டி, நூறு குடை, ஒன்றுகூடத் திக்கவில்லை. மலைப்பாதை வந்தது. வளைவுகளில் அவர் உடம்பு தானாகச் சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். முதுகு நிமிர்ந்து, முகவாய் லேசாகத் தூக்கி, அந்தப் போட்டோவில் இருந்த ஆள் அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் போன் அடித்தது. கோவிந்தன். கலைவாணி அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவில் ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"வர்ல கோவிந்தா. வேற ஆளப் பாத்துக்க. நான் லோடு ஏத்தி நடு மலைல போய்க்கினு இருக்கேன், வையி போன!"

இந்தக் கதையை ஏழுமலை அண்ணன் முழுக்க 'ம்' கொட்டிக் கேட்டுவிட்டு, மறுநாளே கவுண்டருக்கு முன்னால் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார் என்றாலும், வருகிறவர்கள் ஃபார்மட்டைவிட அதிக நேரம் அதில் உட்கார்ந்து கதை சொல்கிறார்களே என்ற வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை.